ஊமைப் பெண் பேசிய தமிழ்

திருவாதவூர் மேலூர்ப் பக்கத்தில் இருக்கிறது. மாணிக்கவாசகர் பிறந்த ஊர். வெளியூரிலிருந்து இலக்கிய நண்பர்கள் மதுரைக்கு வந்தால் மீனாட்சி கோயில், நாயக்கர் மகால், யானைமலை என்று சுற்றிவிட்டு, நேரமிருந்தால் அங்கேயும் அழைத்துப்போவது என் வழக்கம். அதே ஊரில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றும் இருக்கிறது என்பதை அவர்களிடம் நான் சொன்னதில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான். தோன்றாமல் போனது எப்படி என்று யோசித்ததன் விளைவு இந்தக் கட்டுரை.

வாதவூரர் பற்றிய புராணக் கதை ஒன்று நம்மில் பலருக்கும் தெரிந்திருக்கும். ஈழத்து மன்னன் தன் பௌத்த குருவோடு தில்லைக்கு வருகிறான். கூடவே ஊமையான மகள். வாதம் நடக்கிறது, பௌத்தர்கள் வாயடைத்துப் போகிறார்கள். என் மகளைப் பேசவைக்க முடியுமா என்கிறான் மன்னன். பௌத்தர்கள் எழுப்பிய அதே கேள்விகளை மாணிக்கவாசகர் அந்தப் பெண்ணிடம் கேட்கிறார். அவள் ஒவ்வொன்றுக்கும் விடை சொல்கிறாள். அதுவே திருச்சாழல் ஆயிற்று என்பது மரபு. சிறு வயதில் கேட்டபோது ஊமை பேசியதே பெரிய அதிசயமாக இருந்தது. இப்போது வேறொன்று உறுத்துகிறது. ஈழத்துப் பெண் பேசினாள், சரி, பேசியது என்ன? வாதத்தில் ஜெயித்தவருக்குத் தேவைப்பட்ட விடைகள். கடலைத் தாண்டி வந்தது பற்றியோ, பேச்சில்லாமல் கழிந்த வருஷங்கள் பற்றியோ, தில்லை அவளுக்கு எப்படித் தெரிந்தது என்பது பற்றியோ அவளை யாரும் கேட்கவில்லை. (சாழலின் கவித்துவத்தை இதனால் நான் குறைத்துச் சொல்வதாகச் சைவ நண்பர்கள் கோபிக்க வேண்டாம். கேலியும் பதிலுமாகப் பெண்கள் ஆடும் ஒரு விளையாட்டின் உருவத்தில் தத்துவத்தைத் தூக்கி நிறுத்திய காரியம் அது. நான் பேசுவது கதையைப் பற்றி.)

சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் ஈழத்திலிருந்து வந்தவர்களிடம் செய்ததும் ஏறக்குறைய இதுதான் என்று எனக்குப் படுகிறது.

1983 ஜூலைக்குப் பிறகு படகுகள் வரத் தொடங்கின. 1985இல் ‘மரணத்துள் வாழ்வோம்’ தொகுப்பு யாழ்ப்பாணத்தில் வெளிவந்து, இங்கே கைக்குக் கை மாறிப் படிக்கப்பட்டது. நம் புதுக்கவிதை அதுவரை பழக்கிக்கொண்டிருந்த குரலை அந்தக் கவிதைகள் கூச வைத்தன. அதற்கு முந்தைய பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நமக்குப் பிரியமான சொல் ‘அந்நியமாதல்’. காம்யுவையும் காஃப்காவையும் அரைகுறை இங்கிலீஷில் படித்துவிட்டு, ரேஷன் கார்டும் நிரந்தர வேலையும் பென்ஷனுக்கு உத்தரவாதமும் உள்ளவர்கள், தாங்கள் எங்கும் சேராதவர்கள் என்று எழுதினோம். நானும் எழுதினேன். அவற்றில் ஒன்றிரண்டு இன்றும் மோசமில்லை. ஆனால் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் இரவு தங்கலாம், பத்துக்குப் பத்து குடிசையில் குடும்பம் மொத்தமும் படுக்க வேண்டும், ஊரைவிட்டு வெளியே போக அனுமதி கேட்க வேண்டும் என்ற நிலையில் இருந்தவர்கள் பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில் வந்து சேர்ந்தபோது, அந்தச் சொல்லை அவர்கள் பக்கம் திருப்பிப் பார்க்க நமக்குத் தோன்றவில்லை. அவர்கள் துயரம் சரித்திரம், நம்முடையது இருத்தல் என்று ஒரு பங்கீடு மனசுக்குள் நடந்திருக்க வேண்டும். கவிதைகளை வரவேற்றோம். கவிதைகளின் நாட்டிலிருந்து வந்தவர்கள் மண்டபத்தில் வரிசையில் நின்றார்கள்.

மதுரைக்கு வந்தவன் எவனும் ஊர்க்காரனாகாமல் போனதில்லை என்று இங்கே ஒரு பெருமைப் பேச்சு உண்டு. அதற்கு முதல் சாட்சியாகக் காட்டப்படுபவர்கள் சௌராஷ்டிரர். சாட்சி பொய்யல்ல. ஆனால் அதைச் சரியாகப் படிக்க வேண்டும்.

மந்தசோரில் 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு இருக்கிறது. லாட தேசத்திலிருந்து தசபுரத்துக்குப் பெயர்ந்து வந்த பட்டு நெசவாளர் சங்கம் ஒன்று சூரியனுக்குக் கோயில் கட்டியதையும், பிறகு கி.பி. 473இல் அதைப் பழுதுபார்த்ததையும் சொல்கிறது. அவர்களில் சிலர் நெசவிலேயே நிற்க, சிலர் வில்வித்தைக்கும் சிலர் கதை சொல்வதற்கும் சிலர் ஜோதிடத்துக்கும் போனார்கள் என்றும் சொல்கிறது. அந்த நெசவாளரே தங்கள் முன்னோர் என்பது இங்குள்ள சௌராஷ்டிரரில் பலருடைய நம்பிக்கை. சங்கிலியின் எல்லாக் கண்ணிகளும் கிடைத்துவிடவில்லை. என்றாலும் அந்தக் கல்வெட்டு எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம் வேறு. பிழைக்க வந்த ஒரு கூட்டம், தன் காசில் கோயில் கட்டி, தன் காசில் ஒரு கவிஞனை வைத்துத் தன்னைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறது. வத்ஸபட்டி என்ற அந்தக் கவி கூலிக்கு எழுதியவன்தான். எழுதச் சொன்னவர்கள் வந்தேறிகள். அவர்களைப் பார்த்து இரக்கப்பட்டு வேறு யாரோ எழுதியதல்ல.

மதுரையில் நடந்ததும் இந்த வகைதான். நாயக்கர் மகாலைச் சுற்றித் தறி போட்டார்கள். ராணி மங்கம்மாள் ஆட்சியில் பூணூல் சடங்கு செய்ததற்காக வழக்கு வந்தது. சாஸ்திரம் படித்தவர்களை வைத்து விசாரித்து அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொல்லப்பட்டது. இதைப் பற்றிப் பேசும்போது நம்மவர்கள் ராணியின் தாராளத்தைப் புகழ்வார்கள். அதில் உள்ள கசப்பையும் பார்க்க வேண்டும்: இந்த ஊரில் இடம் என்றால் சாதி ஏணியில் ஒரு படி, அது கிடைத்த பிறகுதான் தெரு சொந்தமாகிறது. படி கிடைக்காத உள்ளூர்க்காரர்களுக்கு அதே ஊரில் 1939 வரை கோயில் வாசல் திறக்கவில்லை. அந்த வருஷம் வைத்தியநாதய்யர் நடத்திய ஆலயப் பிரவேசத்தில் துணை நின்றவர்களில் முக்கியமானவர் என்.எம்.ஆர். சுப்பராமன், ஒரு சௌராஷ்டிரர். வந்தவர் வழிவிட, இருந்தவர் நுழைந்தார் என்று இதைச் சொல்லலாமா? கொஞ்சம் மிகை, ஆனால் முற்றிலும் தவறில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சபையும் பள்ளிக்கூடமும் வந்தன. இரண்டும் அவர்களுடையவை. ராமராய் தங்கள் மொழிக்கென்று எழுத்தை ஒழுங்குசெய்து பாலபாடங்கள் அச்சிட்டார். அந்த எழுத்தா, தேவநாகரியா, தமிழ் எழுத்தே போதுமா என்று தங்களுக்குள் நெடுங்காலம் சண்டை போட்டார்கள். கடைசியில் நடைமுறையில் தமிழ் எழுத்துதான் நின்றது. 2008இல் யூனிகோடில் அவர்கள் எழுத்துக்கு இடம் கிடைத்தபோது அதில் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். இது இழப்புதான். ஆனால் இழப்பைத் தீர்மானித்தவர்களும் அவர்களே. அவர்களுக்காக ஒரு அதிகாரி தீர்மானிக்கவில்லை. 2011 சென்சஸில் அந்த மொழியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் இரண்டரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுக்காமலே ஒரு மொழி வீட்டுக்குள் இத்தனை நூற்றாண்டு நிற்கிறது என்றால், அதைத் தாங்கிய சாதனம் ஏதோ இருக்க வேண்டும். என் எண்ணம், அதில் பெரும் பங்கு பஜனைக்கு. நடனகோபால நாயகி சுவாமிகள் (1843–1914) பெண்ணாகத் தன்னைப் பாவித்துக்கொண்டு சௌராஷ்டிரத்திலும் தமிழிலும் பாடினார். ஆழ்வார்களின் நாயகி பாவத்தை எடுத்து, தன் வீட்டு மொழியில் வைத்து, மதுரைத் தெருவில் ஆடிப் பாடினார். அழகர்கோயில் சாலையில் காதக்கிணற்றில் அவர் சமாதி இருக்கிறது. இங்கே பக்தி பெரிதா, ஊர் பெரிதா என்று பிரித்துப் பார்க்க முடியாது. புகுந்த ஊரின் கவிதை மரபும், கொண்டுவந்த மொழியும் ஒரே தொண்டையில் சேர்ந்துவிட்டன.

தொண்டை என்றவுடன் டி.எம். சௌந்தரராஜன் ஞாபகம் வராமலிருக்காது. மதுரையில் பிறந்த சௌராஷ்டிரர். தமிழ் உச்சரிப்புக்கு ஒரு தலைமுறை முழுக்க அளவுகோலாக வைத்திருந்த குரல் ஒரு சௌராஷ்டிர வீட்டிலிருந்து வந்தது. அந்தக் குரலுக்கு வாயசைத்த எம்.ஜி.ஆர் இலங்கையில் நாவலப்பிட்டியில் பிறந்த மலையாளி. 1980இல் மதுரை மேற்குத் தொகுதியில்தான் ஜெயித்தார். சினிமாவை ஏளனமாகப் பார்க்கிற நம் பத்திரிகைகள் இதைக் கவனித்திருக்க நியாயமில்லை.

இனி இலக்கியத்துக்கு வருகிறேன். எம்.வி. வெங்கட்ராம் கும்பகோணத்துச் சௌராஷ்டிரர், மணிக்கொடியில் எழுதத் தொடங்கியவர், பட்டு ஜரிகை வியாபாரம் பார்த்தவர். ‘வேள்வித் தீ’ 1975இல் வந்தது. சௌராஷ்டிர நெசவாளர் வாழ்வு, தறி, கூலி, கடன், வீட்டுக்குள் எரியும் வேறொரு தீ. அந்த நாவலின் மனிதர்கள் தங்கள் வீட்டில் உண்மையில் பேசியிருக்கக்கூடிய மொழி தமிழல்ல. ஆசிரியரின் காதில் சௌராஷ்டிரத்தில் விழுந்த பேச்சு தமிழாகித்தான் காகிதத்துக்கு வருகிறது. அச்சேறாத ஒரு மூலத்தின் மொழிபெயர்ப்பு அந்த நாவல் என்று சொன்னால் தப்பில்லை. நம் விமர்சனம் அதன் யதார்த்தத்தைப் பாராட்டியது, உத்தியைப் பேசியது. இந்த விஷயத்தில் போதிய அக்கறை காட்டியதாகத் தெரியவில்லை. அதைவிட முக்கியம் ஒன்று உண்டு. 1993இல் அவருக்கு அகாடமி பரிசு வாங்கித் தந்த ‘காதுகள்’ ஒரு மனிதனின் செவிக்குள் கேட்கும் குரல்களைப் பற்றியது. அதை எழுத அவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. சௌராஷ்டிரர் என்பதால் வருகையைப் பற்றி எழுது, பூர்வீகத்தைப் பற்றி எழுது என்று யாரும் அவரை நெருக்கவில்லை. தன் பைத்தியத்தின் விளிம்பைப் பற்றி எழுதும் சுதந்திரம் அவருக்கு இருந்தது. ஊர்க்காரன் என்பதற்கு இலக்கியத்தில் எனக்குத் தெரிந்த அடையாளம் இதுதான்: வந்த கதையைத் தவிர வேறெதைப் பற்றியும் ஒருவன் எழுதலாம் என்ற நிலை.

(அந்த நிலையும் நிரந்தரமல்ல போலும். 2023 ஏப்ரலில் குஜராத்தில் சௌராஷ்டிர தமிழ் சங்கமம் நடந்தபோது இங்கிருந்து சிறப்பு ரயில்களில் அழைத்துப்போனார்கள். சோமநாதத்தைப் பார்த்தவர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள், அதைக் குறை சொல்ல நான் யார். ஆனால் இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகும் ஒரு கூட்டத்தை மேடையேற்றி, நீ எங்கிருந்து வந்தாய் சொல் என்று கேட்பதற்கு அரசாங்கங்களுக்கு அலுக்கவில்லை.)

இப்போது என் சொந்தக் குற்றம்.

இருபத்தைந்து வருஷத்துக்கு மேலிருக்கும். மதுரையைச் சுற்றியுள்ள முகாம்களில் ஒன்றிலிருந்து ஓர் இளைஞர் என் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தார். முகாம் ஆண்கள் பலருக்கும் அதுதான் வேலை. படித்திருந்தாலும் அதுதான். மதுரையில் புதுசாக எழும்பிய வீடுகளில் பாதியின் நிறம் அவர்கள் கையால் வந்தது என்று சொன்னால் கொத்தனார்கள் மறுக்கமாட்டார்கள். அலமாரியை நகர்த்தும்போது புத்தகங்களின் முதுகைப் படித்துக்கொண்டே நகர்த்தினார். பேச்சுக் கொடுத்தேன். எழுதுவதுண்டு என்றார். அப்போது நான் ஒரு சின்னப் பத்திரிகைக்குக் கதை பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எழுதிக்கொண்டு வாருங்கள், தம்பி என்றேன். எதைப் பற்றி என்று நான் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குப் புரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

இரண்டு வாரத்தில் நோட்டுத்தாளில் பன்னிரண்டு பக்கம் வந்தது. பெயிண்ட் அடிக்கும் இரண்டு பேர். ஒரு பெரிய வீட்டில் பழைய சுவரை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் கீழே இன்னொரு நிறம் வந்துகொண்டே இருக்கிறது. மஞ்சள், அதற்கடியில் பச்சை, அதற்கடியில் காவி. எந்த நிறம் எந்தத் தலைமுறை என்று வீட்டுக்காரப் பாட்டி சொல்லிக்கொண்டிருக்கிறாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காருகிறார்கள். பட்டி காய வேண்டும், அதுவரை வேலையில்லை. அவ்வளவுதான் கதை. படகு இல்லை, குண்டு இல்லை, செத்தவர்கள் இல்லை. ‘கதைத்தான்’ என்று ஓர் இடத்தில்கூட இல்லை, எல்லோரும் ‘பேசினார்கள்’.

நான் சொன்னது இன்றும் எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகமிருக்கிறது. “உங்க அனுபவம் இதில் இல்லையே தம்பி. உங்க மொழியும் இல்லை. நீங்க பார்த்ததை எழுதுங்க.”

அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, “இது நான் பார்த்ததுதான் சேர்,” என்றார். மொழி பற்றிக் கேட்டதற்கு, “வீட்டில கதைக்கிறது வேற. வெளியில பேசுறது வேற. வேலைக்குப் போற இடத்தில ‘கதிரை’ எண்டு வாய் தவறிச் சொன்னா எந்த ஊர் எண்டு கேப்பாங்க. பேந்து எல்லாம் கேப்பாங்க,” என்று சிரித்தார். தாள்களை வாங்கிக்கொண்டு போனவர் திரும்ப எதுவும் கொண்டுவரவில்லை.

அந்தப் பதிலில் இருந்த விமர்சனம் உறைக்க எனக்கு வருஷங்கள் ஆயின. முகாமில் வளரும் பிள்ளை தமிழுக்குள்ளேயே இரண்டு பாஷைக்காரன் ஆகிவிடுகிறான். கதிரை – நாற்காலி, சவர்க்காரம் – சோப்பு, விளங்குது – புரியுது. மகால் தெருவில் சௌராஷ்டிரப் பிள்ளை வாசல்படியில் மொழி மாற்றுவதுபோலத்தான். ஆனால் சௌராஷ்டிரப் பிள்ளை மாற்றுவது பழக்கத்தால். இவர்கள் மாற்றியது பயத்தால், அதுவும் நம் சொந்த மொழிக்குள். 1991க்குப் பிறகு அந்த உச்சரிப்புக்கே இங்கே ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டிருந்ததை வயதானவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்தப் பயத்தை மீறித் தமிழ்நாட்டுத் தமிழில், ஒரு மதுரை வீட்டுச் சுவரைப் பற்றி, மதுரைக்காரனாக நின்று அவர் ஒரு கதை எழுதினார். நான் அவரை மறுபடி படகில் ஏறச் சொன்னேன். ‘மண்வாசனை’ என்று நாம் கொண்டாடிய சரக்கு எவ்வளவு கொடுமையானது என்பது அன்று எனக்குத் தெரியவில்லை. கேள்வியும் என்னுடையது, எதிர்பார்த்த பதிலும் என்னுடையது. ஊமைப் பெண்ணின் கதை இங்கேதான் எனக்கு உறுத்துகிறது.

2007இல் காலச்சுவடு வெளியிட்ட தொ. பத்திநாதனின் ‘போரின் மறுபக்கம்’ வந்தபோது நம் வட்டாரத்தில் அதற்குக் கிடைத்த சொல் ‘ஆவணம்’. 1990இல் அகதியாக வந்து முகாம்களில் வாழ்ந்தவர் தன் வாழ்வைத் தானே எழுதிய புத்தகம். ஆவணம் என்பது மரியாதையான சொல்தான், ஆனால் இலக்கியத்தின் திண்ணையில் உட்காரவைக்கிற சொல்லும்கூட. நடை சாதாரணம் என்றார்கள். அலங்காரமில்லாததையும் திறமையில்லாததையும் ஒன்றாகக் கருதுகிற பழக்கம் இது. போரைச் சொல்கிற இடங்களைவிட இங்கே வந்த பிறகு ஒரு நாளைக் கழிப்பது எப்படி என்று சொல்கிற இடங்கள்தான் எனக்கு மேலானவையாகப் படுகின்றன. போர் அவருக்கு நேர்ந்தது. முகாமை நடத்தியவர்கள் நாம். அவர் பிறகு நாவலும் எழுதினார். நாவலாசிரியராக அவரை எவ்வளவு பேர் படித்தோம் என்பதை அவரவர் மனசைக் கேட்டுக்கொள்ளலாம்.

கல்வியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் படம் கோணலாகும். 1984இல் சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் அகதிகளே நடத்திய ஸ்தாபனம். முகாம்களில் மாலை வகுப்புகள், பாலர் பள்ளிகள், கல்லூரிக்குப் போக உதவி என்று அது செய்த காரியத்தால் பட்டம் வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சௌராஷ்டிரர் பள்ளிக்கூடத்துக்கு எது ஆதாரமோ அதுவேதான் இதற்கும்: தங்கள் பிள்ளைக்குத் தாங்களே பாடம் சொல்வது. வித்தியாசம் வகுப்புக்கு வெளியே இருந்தது. பட்டம் வாங்கியவன் அரசு வேலைக்கு மனுப்போட முடியாது. செக்கிங் நாளன்று முகாமில் இருக்க வேண்டும். மாதாமாதம் வாங்குவதற்கு அரசு வைத்த பெயர் பணக்கொடை. கொடை என்ற சொல்லைத் தமிழில் இப்படியும் உபயோகிக்கலாம் என்பதைச் சங்க இலக்கியம் படித்தவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சி.வை. தாமோதரம்பிள்ளை யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டிக்காரர். அவரை யாரும் எந்த நாட்டவர் என்று கேட்டுப் பதிவேட்டில் எழுதியதில்லை. நடுவில் கடல் அகலமாகிவிடவில்லை, சட்டம் வந்துவிட்டது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது நம் துறையல்ல. 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர் பிறப்பால் குடிமகன்; பிறகு பிறந்தவர் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 1986இல் முகாமில் பிறந்த ஒருவருக்குப் பாஸ்போர்ட் தரச் சொல்லி 2022இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2019இன் குடியுரிமைத் திருத்தம் இலங்கையைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 2021இல் மாநில அரசு முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றி, புது வீடுகளும் கட்டத் தொடங்கியது. அப்போது முகாம்களில் இருந்தவர்கள் சுமார் 58,000 பேர். அவர்களில் திருவாதவூரைத் தவிர வேறு ஊரைப் பார்த்திராத பிள்ளைகள் உண்டு. மாணிக்கவாசகர் எந்த ஊர் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் அவர்கள்தான் முதலில் கை தூக்குவார்கள்.

கல்வி, சங்கம், கலை மூன்றும் ஒருவனை ஊரோடு சேர்க்கும் என்று பேசுகிறவர்கள் தரும நோக்கோடு பேசுகிறார்கள். அவர்களை நான் கேலி செய்யவில்லை. அந்த மூன்றில் கலைக்கு மட்டும் நாம் பொறுப்பு. நம் பங்குக்கு நாம் செய்தது சிறப்பிதழ். ‘ஈழச் சிறப்பிதழ்’, ‘புலம்பெயர் சிறப்பிதழ்’, ‘அகதி இலக்கியச் சிறப்பிதழ்’. சிறப்பிதழ் முடிந்த அடுத்த மாதம் வழக்கமான பக்கங்களில் அவர்கள் இருப்பதில்லை.

போன தை மாதம் அந்தப் பழைய இளைஞரைப் பார்த்தேன். இளைஞர் என்பது பழக்கதோஷம். தலை பாதி நரைத்துவிட்டது, இப்போது நாலு பேரை வைத்துப் பெயிண்ட் காண்டிராக்ட் எடுக்கிறார். மகள் கல்லூரியில் படிக்கிறாள். சுவர்க் கதை இருக்கிறதா என்று கேட்டேன். எந்தக் கதை என்றார். எனக்கு ஞாபகமிருந்ததெல்லாம் சொன்னேன். மஞ்சளுக்கு அடியில் பச்சை இல்லை, நீலம் என்று திருத்தினார். தாள் எப்போதோ மழையில் போய்விட்டதாம். மறுபடி எழுதச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே, “மகள் எழுதுறாள், பாக்கிறீங்களா?” என்றார்.

அந்தப் பெண் எழுதியது என்னிடம் இருக்கிறது. ஏழு கவிதைகள். இரண்டு காதல் பற்றி, ஒன்று டவுன்பஸ் பற்றி, ஒன்று எனக்குப் புரியவில்லை, மற்றவை சுமார். புரியாத அந்த ஒன்று உட்பட மூன்றைத் தேர்ந்து இந்த இதழின் ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன். எழுதியவர் குறிப்பில் முகாமின் பெயரைப் போட வேண்டாம், மதுரை என்று போட்டால் போதும் என்று அவள் கேட்டுக்கொண்டதையும் தெரிவித்திருக்கிறேன்.